ஊர்பேர் தெரியாதவருக்கு ஒரு கிட்னி

"ஏன், வீட்ல ஒருத்தரும் கிட்னி கொடுக்க முன்வரலியா?"

டயாலிசிஸ் எடுப்பவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் கேட்ட அந்த நொடியில் கூட நிற்கும் மனைவியின் முகம் சுருங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். தம்பி கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் செபெராங் பிறையில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் தாதியாக இருக்கிறேன், நோயாளிகள் கூப்பிடுவதுபோல் சொன்னால் மிஸ்ஸி. அந்தக் கேள்விக்கு மனசுக்குள் சேர்த்து வைத்திருக்கும் பதில் நீளமானது. வார்டில் நின்று சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் கொடுக்க மனம் இருப்பவர்களுக்கு உடம்பு இடம் தருவதில்லை. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் அது 31 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கிட்னியைக் கெடுத்தது இந்த இனிப்புநீர்தான். அது ஒரு வீட்டில் ஒருவரோடு நிற்கிற நோயா? அப்பாவுக்கு, அத்தைக்கு, பெரியண்ணனுக்கு என்று வரிசையாக வரும். அண்ணனுக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று தைரியமாக வந்த ஒரு தம்பிக்கு, தனக்கும் சர்க்கரை இருக்கிறது என்பதே அந்தப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. கொடுக்க வந்தவர் மருந்து அட்டையோடு திரும்பிப் போனார். அவரை அதற்கப்புறமும் சொந்தக்காரர்கள் 'கொடுக்காத தம்பி' என்றுதான் பேசினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

மிச்சமிருப்பது அம்மாவும் மனைவியும் அக்காவும். உலகம் முழுக்கவே கிட்னி கொடுப்பவர்களில் பெண்கள் அதிகம், பெறுபவர்களில் ஆண்கள் அதிகம். நம் சமூகத்தில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். மனைவி கொடுத்தால் அது கடமைக் கணக்கில் போய்விடுகிறது. கணவன் கொடுத்தால் ஊரே பேசுகிறது.

இன்று மலேசியாவில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டயாலிசிஸில் இருக்கிறார்கள். ஓர் ஆண்டில் நடக்கும் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சைகளோ சில நூறைத் தாண்டுவதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஊசி குத்திய கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். அந்த எந்திரம் நல்ல கிட்னி செய்யும் வேலையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடுதான் செய்கிறது. ஆகவே குடும்பத்துக்கு வெளியே இருந்து யாராவது வந்தாக வேண்டும். இறந்த பின் கொடுப்பதாக அரசின் சுகாதாரச் செயலியான மைசெஜாத்ராவில் பதிந்து வைப்பவர்கள் வேண்டும். உயிரோடு இருக்கும்போதே, ஊர்பேர் தெரியாத ஒருவருக்கு ஒரு கிட்னியைத் தரக்கூடியவர்களும் வேண்டும். இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை. பேச்சு எழுந்தாலும் "பைத்தியமா" என்பார்கள், இல்லாவிட்டால் "எவ்வளவு வாங்கினானாம்" என்பார்கள்.

ரத்த உறவு என்றால்தான் கிட்னி ஒட்டும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் முதன்முதலாக வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியது ஒரே உருவம் கொண்ட இரட்டையர்களுக்கு இடையில். ரொனால்ட் ஹெரிக் தன் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ஒரே கரு என்பதால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் 79 வயதுவரை இருந்தார். நம் நாட்டின் முதல் மாற்றும், 1975இல் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில், குடும்பத்துக்குள்ளேயே நடந்தது. எதிர்ப்புசக்தியை அடக்க நல்ல மருந்துகள் இல்லாத காலம் அது. உறவுதான் மருந்தாக இருந்தது.

மருந்துகள் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. 1995இல் அமெரிக்காவில் பால் தெரசாகியும் அவருடைய குழுவினரும் ஆயிரக்கணக்கான மாற்றுகளை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு கழித்து வேலை செய்துகொண்டிருந்த கிட்னிகளில், பெற்றோர் கொடுத்தவை 82 விழுக்காடு. கணவனோ மனைவியோ கொடுத்தவை 85. கல்யாண உறவும் இல்லாத வெளியார் உயிரோடிருந்து கொடுத்தவை 81. இறந்தவர்களிடமிருந்து எடுத்தவை 70. மனைவிக்கும் கணவனுக்கும் திசுப் பொருத்தம் ஏது? இருந்தும் பெற்றோருக்குச் சமமாக நின்றன. காரணம் கேட்டால் எளிதுதான். ஆரோக்கியமாக நடமாடும் ஒருவரின் உடம்பிலிருந்து எடுத்து, அடுத்த அறையில் காத்திருப்பவருக்கு அதிக நேரம் போகாமல் பொருத்துகிறார்கள். நாள்கணக்கில் தீவிர சிகிச்சையில் கிடந்த உடம்பின் அடியை அந்தக் கிட்னி வாங்கவில்லை. பல நேரம் மேசையிலேயே சிறுநீர் சொட்ட ஆரம்பித்துவிடும். மருந்துகள் இன்னும் முன்னேறிவிட்ட இன்றைய நிலையில், உயிரோடிருப்பவர் தந்த கிட்னிகளில் பாதி 19 ஆண்டுகள் வரை உழைக்கும் என்றும், இறந்தவர் தந்தவற்றில் பாதி 12 ஆண்டுகளை ஒட்டி உழைக்கும் என்றும் அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. ஆகவே நோயாளிகளிடம் நான் தைரியமாகச் சொல்வேன்: கொடுத்தவர் உங்கள் சாதிசனமாக இருக்க வேண்டியதில்லை, நல்ல உடம்போடு இருந்தால் போதும்.

அப்படியானால் ஏன் எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள்? சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது, அதுவும் நம் தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் விழுந்த காலம் ஒன்று இருந்தது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. கையில் கிடைத்தது சராசரியாக 1,070 டாலர். அதற்கப்புறம் அவர்கள் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். முக்கால்வாசிப் பேர் இன்னமும் கடனில்தான் இருந்தார்கள். உறுப்பு விற்பனையை இந்தியச் சட்டம் 1994இலேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் கிட்னி வாங்கிய செய்தி வந்தபோது, இங்கே டயாலிசிஸ் அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் யாரும் பேசவில்லை.

அந்த மௌனத்தில் மலேசியர்களின் பங்கும் இருக்கிறது. வசதியிருந்தவர்கள் இந்தியாவுக்கும் பிறகு சீனாவுக்கும் போய்க் கிட்னி வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2000களின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பதிவேட்டில் ஏறிய மாற்றுகளில் பெரும்பகுதி வெளிநாட்டில் செய்துகொண்டவை. எனக்கு மூத்த தாதிகள் அந்தக் காலத்தைச் சொல்வார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக மருத்துவமனைக்கு வருவார்களாம், கையில் ஒரு மருந்துப் பை மட்டும் இருக்கும். என்ன செய்தார்கள், கொடுத்தவர் யார், அவருக்கு என்ன நோய் இருந்தது என்று எழுதிய ஒரு தாள்கூட இருக்காது. காய்ச்சலோடும் ஆறாத புண்ணோடும் வந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாகப் பயந்த மனிதர்கள். ஆனால் மறுபக்கம் யாரோ ஒருவர் தையல் போட்ட வயிற்றோடு தறிக்கும் வயலுக்கும் திரும்பிப் போயிருக்கிறார் என்பதை மறக்கவும் முடியவில்லை.

2008இல் இஸ்தான்புல்லில் பல நாட்டு மருத்துவர்கள் கூடி உறுப்பு வணிகத்துக்கு எதிராக ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே மலேசியா உறுப்பு மாற்றுக்கான தேசியக் கொள்கையைக் கொண்டுவந்தது. நம் 1974ஆம் ஆண்டுச் சட்டம் இறந்தவர்களின் உறுப்புகளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. உயிரோடிருக்கும் வெளியார் ஒருவர் கொடுக்க முன்வந்தால், சுகாதார அமைச்சின் ஒப்புதல் குழு அதை அலசிப் பார்த்துச் சம்மதித்தாக வேண்டும். பணம் கைமாறுகிறதா, முதலாளி தொழிலாளியைக் கட்டாயப்படுத்துகிறாரா, கடன் இருக்கிறதா, மனநிலை சரியாக இருக்கிறதா என்று துருவுவார்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண் எசமானுக்குத் 'தானாக மனமுவந்து' கொடுக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் அதை நம்பிவிட முடியுமா? இந்தத் துருவல் வேண்டும். நேரம் எடுக்கிறது என்று புலம்புபவர்களிடம் நான் இதில் ஒத்துப்போவதில்லை.

அதே நேரம், விற்றவர்களின் கதையைக் காட்டி, தானமாகக் கொடுக்க வருகிறவர்களின் வாயை அடைப்பதும் நியாயமில்லை. பக்கத்துக் கேரளத்தில் டேவிஸ் சிரமேல் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 2009இல் உறவில்லாத, வேற்று மதத்தைச் சேர்ந்த ஒருவருக்குத் தன் கிட்னியைக் கொடுத்தார். 2011இல் வி-கார்ட் நிறுவனத்தை உருவாக்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளி ஒரு லோரி டிரைவருக்குக் கொடுத்தார். பணக்காரன் ஏழையிடம் வாங்கும் ஓட்டம் அங்கே ஒருமுறை திரும்பி ஓடியிருக்கிறது. பிரிட்டனில் யாருக்கென்று கேட்காமல் கொடுப்பதை 2006இல் சட்டம் அனுமதித்தது, அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கானோர் கொடுத்துவிட்டார்கள். 2007இல் அமெரிக்காவில் ஒருவர் அப்படிக் கொடுத்த கிட்னி, கொடுக்க ஆள் இருந்தும் பொருத்தம் இல்லாத ஜோடிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து மொத்தம் பத்து மாற்றுகளுக்கு வழிவிட்டது. என் கணவருக்கு உன் கிட்னி பொருந்தாது, உன் அக்காவுக்கு என்னுடையது பொருந்தும், நடுவில் நிற்கும் முடிச்சை வெளியிலிருந்து வந்த ஒருவர் அவிழ்த்துவிடுகிறார். இப்படி ஜோடி சேர்க்கும் கணக்கை வகுத்ததில் பங்குள்ள ஆல்வின் ராத் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சரி, கொடுக்கிறவருக்கு என்ன ஆகும்?

பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் பையன் ஒருவன் எங்கள் மையத்துக்கு வருவான். 24 வயது. கோயில் இளைஞர் பிரிவு, தவறாத ரத்ததானம். அவன் அப்பா எங்களிடம் டயாலிசிஸ் எடுத்து இறந்துபோனவர். ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, அப்பாவுக்குக் கொடுக்க முடியாமப் போச்சு. இங்க இருக்கிறவங்கள்ல யாருக்கு வேணும்னாலும் நான் கொடுக்கிறேன். யாருன்னு எனக்குத் தெரிய வேணாம்" என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் நானும் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. உட்காரவைத்துக் கணக்கைச் சொன்னேன்.

அறுவைச் சிகிச்சையில் கொடுப்பவர் இறக்கும் அபாயம் பத்தாயிரத்தில் மூன்று பேர் என்று 2010இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. 2024இல் வந்த புதிய கணக்கில் அது பத்தாயிரத்தில் ஒருவராகக் குறைந்திருக்கிறது. இப்போது சிறு துளைகள் போட்டு எடுக்கிறார்கள். சில நாளில் வீடு, சில வாரங்களில் வேலை, அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது. இருக்கிற ஒரு கிட்னி கொஞ்சம் பெருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் 70 விழுக்காடு அளவுக்கு ஈடுகொடுக்கும். இது நல்ல பகுதி. அடுத்தது, 2014இல் வந்த ஆய்வு. கொடுத்தவர்கள் பத்தாயிரம் பேரில் 31 பேருக்கு 15 ஆண்டுக்குள் கிட்னி செயலிழந்தது. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 4 பேர். ஆயுள் முழுக்கக் கணக்கிட்டால் பத்தாயிரத்தில் 90 பேர், அவர்களைப் போன்ற ஆரோக்கியசாலிகளில் 14 பேர். எந்தச் சோதனையும் செய்யாத பொது மக்களில் 326 பேர். இந்தக் கடைசி எண்ணை மட்டும் காட்டி, 'கொடுத்தவர்கள் பொதுமக்களைவிடப் பத்திரமாக இருக்கிறார்கள்' என்று பிரச்சாரம் செய்வதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. சலித்து எடுத்த ஆரோக்கியசாலியை அவரைப் போன்றவரோடு ஒப்பிடுவதுதான் நேர்மை. அபாயம் சிறியதுதான், ஆனால் கூடுகிறது. பெண்ணாக இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கிட்னி கொடுத்த பின் கருவுற்றவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் கடுமையான வடிவமோ வந்தது, கொடுக்காதவர்களில் ஐந்து பேருக்கு.

பையன் கேட்டுக்கொண்டிருந்தான். பயந்த மாதிரி தெரியவில்லை. சிறுநீரக நிபுணரிடம் அனுப்பினோம். சோதனைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் மருத்துவர் இப்போது வேண்டாம் என்றார். அவன் அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கும் சர்க்கரை. 24 வயதில் ரத்தம் சுத்தமாக இருக்கலாம், 45 வயதில் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. சர்க்கரை வந்தபின் ஒற்றைக் கிட்னியோடு இன்னும் முப்பது ஆண்டு ஓட்ட வேண்டும். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் உடம்பு, நான் கொடுக்கிறேன், இவர் யாரு தடுக்க" என்றான். எனக்கு மருத்துவர் சொன்னது சரி என்றுதான் பட்டது, இப்போதும் படுகிறது. கேட்பதற்கு விநோதமாக இருக்கும், ஆனால் சர்க்கரை ஓடும் குடும்பங்களில் நல்ல கொடையாளி பெரும்பாலும் இளைஞர் அல்ல. ஐம்பது வயதுவரை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அண்டாமல் நடமாடுகிற அம்மா ஒருவர் அந்தப் பையனைவிட அதிக நிச்சயத்தோடு கொடுக்க முடியும். அவருடைய உடம்பு தன் கதையில் பாதியைச் சொல்லி முடித்துவிட்டது.

கொடுத்தவர்களிடம் பின்னாளில் கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மறுபடியும் கொடுப்பேன் என்கிறார்கள். பல நாடுகளில் திரும்பத் திரும்ப வரும் பதில் இது. ஆனால் கொடுத்தவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது கூப்பிட்டு ரத்த அழுத்தம், ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு, சிறுநீரில் புரதம் பார்க்கிறோமா? முதுகு வலிக்கிறது என்று கடையில் வோல்டாரனும் போன்ஸ்தானும் வாங்கி விழுங்கக்கூடாது என்று யாராவது அவருக்கு ஞாபகப்படுத்துகிறார்களா? மாலை போட்டுப் படம் எடுப்பதைவிட இது முக்கியம்.

இனி வாங்கிக்கொண்டவர்களின் பக்கம். இங்கேதான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

கிட்னி மாற்றினால் குணமாகிவிடும் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. ஒரு நோயின் இடத்தில் வேறொரு வாழ்க்கை வருகிறது, அதுவே சரியான விவரிப்பு. நன்மை எவ்வளவு பெரியது என்பதில் சந்தேகம் வேண்டாம். காத்திருப்போர் பட்டியலில் டயாலிசிஸோடு இருப்பவர்களோடு ஒப்பிட்டால், மாற்று செய்துகொண்டவர்களின் நீண்டகால இறப்பு அபாயம் 68 விழுக்காடு குறைவு என்று 1999இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் அதே ஆய்வில் முதல் இரண்டு வாரங்களில் அபாயம் மூன்று மடங்கை ஒட்டி இருந்தது. மலை ஏற வேண்டும், ஏறினால்தான் அப்புறம் சமதரை.

எங்களிடம் பல ஆண்டு வந்துகொண்டிருந்த லோரி டிரைவர் அண்ணன் ஒருவருக்கு இறந்துபோன ஒருவரின் குடும்பம் கொடுத்த கிட்னி கிடைத்தது. கொடுத்தவர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாங்கியவருக்கு அவர் ஊர்பேர் தெரியாதவர்தான். ராத்திரி அழைப்பு வந்து, மனைவியோடு கோலாலம்பூருக்கு ஓடினார். பினாங்குப் பக்கத்து ஆட்களுக்கு மாற்று என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. பழைய கிட்னிகளை எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் வலப்பக்கமாக வைக்கிறார்கள். தொட்டால் கைக்குத் தட்டுப்படும். அவருடைய முதல் கேள்வி, "சீட்பெல்ட் அது மேல படுமே, பரவால்லியா?"

டயாலிசிஸ் காலத்தில் அவருக்குத் தண்ணீர்தான் பெரிய தவிப்பு. சிறுநீர் சுத்தமாக நின்றவருக்கு நாளைக்கு அரை லிட்டரை ஒட்டித்தான் குடிக்க அனுமதி, சாம்பாரும் ரசமும் அதில் அடக்கம். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவார், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல், கூப்பிட்டுக் கூப்பிட்டு மோரும் பானகமும் கொடுப்பார்கள், இவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடப்பார். மாற்றுக்குப் பிறகு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும் என்றார்கள். எங்கள் மையத்துக்கு வந்து ஒரு பெரிய போத்தலைத் தூக்கிக் காட்டி எல்லார் முன்னாலும் குடித்தார். நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஒருவர் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது, புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருப்பதற்கான மருந்து. டேக்ரோலிமஸ், அவர்கள் வாயில் 'புரோகிராஃப்', காலை எட்டு, இரவு எட்டு. பன்னிரண்டு மணி நேர இடைவெளி பிசகக் கூடாது. அதோடு மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன். லோரி பட்டர்வொர்த்தில் இருந்தாலும் ஜோகூரில் இருந்தாலும் கைப்பேசி அலறியதும் ஓரங்கட்டி விழுங்க வேண்டும். மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை, முன்னால் போட்டால் அளவு பொய் சொல்லும். கை நடுங்கும், தே தாரிக் கிளாஸ் தளும்பும். முகம் உப்பும். சர்க்கரையே இல்லாதவருக்கு இந்த மருந்துகளாலேயே சர்க்கரை வரலாம். சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டில் பம்பளிமாஸ் கொடுப்பார்கள், அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தொடக்கூடாது. டயாலிசிஸில் இருந்தபோது நட்சத்திரப் பழம் ஆகாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம், அது விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியக்கூடிய நஞ்சு. இப்போது பட்டியலே வேறு. அரை வேக்காட்டுக் கெராங் சிப்பி போட்ட சார் குவே தியாவ் நூடுல்ஸ் வேண்டாம். மதியம் திறந்து வைத்த கறியை மாலையில் வாங்காதே. யாரோ சொன்னார்கள் என்று ஜாமு என்ற மூலிகை மருந்தைக் குடிக்காதே. அலகு குத்தாதே, பால்குடம் எடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடு. எதிர்ப்புசக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்புக்கு சின்னக் காய்ச்சல் என்று எதுவும் கிடையாது.

இவ்வளவையும் செய்தும் கிட்னி போகலாம். சிலருக்கு உடம்பு மெல்ல மெல்ல எதிர்ப்பு உண்டாக்கி ஆண்டுக்கணக்கில் அரிக்கும். சிலருக்குக் கிட்னி நன்றாக இருக்கும், இதயம் நின்றுவிடும். சிலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வது சுலபம். நான் பார்த்தவரையில் உடம்பு தேறியதும் 'நான் இனி நோயாளி இல்லை' என்று நம்ப விரும்பும் மனதுதான் மாத்திரைப் பெட்டியைத் தள்ளி வைக்கிறது. ஐந்தாறு ஆண்டு கழித்து அதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறவர் என்னைப் பார்த்து, "வந்துட்டேன் மிஸ்ஸி" என்பார். வேறொன்றும் கேட்காமல் கையைப் பார்ப்பேன், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த பழைய ஃபிஸ்டுலா இன்னும் துடிக்கிறதா என்று.

உறவில் கொடுத்தால் நன்றிக்கடனுக்கு ஒரு முகம் இருக்கும். அந்த முகம் சோற்றுத் தட்டை எட்டிப் பார்க்கும். தங்கையிடம் கிட்னி வாங்கிய ஓர் அண்ணன், கல்யாண விருந்தில் ஒரு பீர் எடுத்ததற்குத் தங்கை எழுந்து போய்விட்டதைச் சொல்லி அழுதிருக்கிறார். தங்கை கோபம் நியாயம், அண்ணன் மூச்சுமுட்டலும் நியாயம். ஊர்பேர் தெரியாதவர் கொடுத்தால் இந்தக் காவல் இல்லை. ஆனால் கடனைத் திருப்பிக் கட்ட வாசலும் இல்லை. லோரி அண்ணன் கொடுத்தவரின் பெயர் தெரியாமல், கோயிலில் 'பெயர் தெரியாத ஆத்மா' என்று அர்ச்சனைச் சீட்டில் எழுதச் சொல்லிக் குருக்களைத் திகைக்க வைத்தார். பிரிட்டனில் ஒருங்கிணைப்பாளர் வழியாகப் பெயரில்லாமல் ஒரு கடிதம் போகலாம், பதில் வந்தாலும் வரும், வராவிட்டாலும் உண்டு. அந்த அளவு இடைவெளி இருவருக்கும் நல்லது என்று நினைக்கிறேன். கொடுத்தவர், தான் தந்த கிட்னி போய்விட்டது என்ற செய்தியைத் தன் தோல்வியாகச் சுமக்க வேண்டாம், வாங்கியவர் தன் ஒவ்வொரு நாளையும் யாருக்கோ கணக்குக் காட்டி வாழவும் வேண்டாம்.

இதை எழுத ஆரம்பித்த வாரத்தில் ஒரு நோயாளியின் மனைவி என்னிடம் கைப்பேசியைக் காட்டினார். முகநூலில் போடுவதற்காகக் கணவரின் படத்தோடு ஒரு வேண்டுகோள் எழுதி வைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் நிற்கும் படம். "போடலாமா மிஸ்ஸி?" என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பதிவுக்கு முதலில் வருகிறவர்கள் தரகர்களாகத்தான் இருப்பார்கள். அப்படி இல்லாமல் நல்ல மனிதர் ஒருவரே வந்தாலும், படத்தில் அழகாகத் தெரிகிற குடும்பத்துக்குக் கிட்னி, படம் போடத் தெரியாத தனிக்கட்டைக்கு இல்லை என்று ஆகிவிடும். யாருக்கு முதலில் என்பதை மருத்துவமனையின் பட்டியலும் பொருத்தமும் முடிவு செய்யட்டும்.

அப்புறம் கேட்டேன், "உங்களுக்கு என்ன வயசும்மா?"

"நாப்பத்தொன்பது."

"சர்க்கரை, பிரஷர்?"

"ஒண்ணும் இல்ல. பிள்ள பெத்ததோட சரி, ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்ல. ஆனா அவருக்கு ஓ, எனக்கு பி. சேராதுன்னு மாமியார் அப்பவே சொல்லிட்டாங்க."

மாமியார் சொன்னதுதான், எந்த மருத்துவரும் சொல்லவில்லை. ரத்த வகை பொருந்தாவிட்டாலும் எதிர்ப்பணுக்களை வடிகட்டிவிட்டு மாற்று செய்யும் முறை வந்து பல ஆண்டாகிவிட்டது. எல்லாருக்கும் முடியாது, செலவும் அபாயமும் கூடுதல், ஆனால் பார்க்காமலேயே கதவைச் சாத்த வேண்டியதில்லை. இதைச் சொன்னேன். கொடுப்பவருக்கு வரக்கூடிய அபாயத்தையும், பையனுக்குச் சொன்ன அதே எண்களையும் சொன்னேன். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வேண்டாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், 'பொருந்தவில்லை' என்று மட்டும் அவர் வீட்டாரிடம் சொல்லிவிடுவார் என்றும் சொன்னேன்.

அவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். "திங்கக்கெழம ஓவர்டைம் இருக்கு. செவ்வாக்கெழம லீவு போடறேன். எங்க போய் ரத்தம் கொடுக்கணும், எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.